நாற்காலிக்குக் கொடுத்த தொண்ணூறு வினாடி

என் பெயர் நடீன் ஃபேர்க்ளாத். வயது 46. கணவர் பெயர் வெண்டல். ஜார்ஜியா மாநிலம், அட்காக் கவுண்டி (மாவட்டம்), மில்ஸ்பர் நகரம், சர்ச் தெரு 118ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பி.ஏ. படித்திருக்கிறேன். கவுண்டி நூலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் துணை நூலகராக இருக்கிறேன். தேர்தலுக்கு முன் வேட்பாளர்களை மக்கள் முன் பேசவைக்கும் வாக்காளர் மன்றத்துக்கும் நானே செயலாளர். தேர்தல் புகார்களை விசாரிக்கும் அதிகாரி திரு. டெல்பர்ட் சைக்ஸ் கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

அக்டோபர் 17, வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக, முட்டை வேகவைக்கும்போது வைக்கும் டைமரை எடுத்து, புது பேட்டரி போட்டு, தொண்ணூறு வினாடிக்கு வைத்துச் சரியாக அடிக்கிறதா என்று பார்த்தேன். மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநில ஆணையத்தின் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடும் இருவரும் அன்று மாலை எங்கள் நூலகக் கூடத்தில் மக்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஏற்பாடு. ஒருவர் இப்போதைய உறுப்பினர் திரு. ராய்ஸ் டேட்டம். மற்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற திருமதி வெர்லீன் மிம்ஸ். கேள்விகளை மக்கள் கார்டில் எழுதித் தருவார்கள். 'பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் சொல்லப்பட மாட்டாது' என்று ஒவ்வொரு கார்டின் தலைப்பிலும் அச்சிட்டிருக்கும். அச்சிட்டது நான்தான்.

அந்த வாரம் மட்டும் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் திரு. டேட்டத்தின் வழவழப்பான விளம்பர அட்டைகள் ஆறு வந்தன. ஆறிலும் அவர் தம் நாயோடு நின்றார். அனுப்பியது ஓர் அமைப்பு. அதற்குப் பணம் யார் தருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. சட்டப்படி சொல்ல வேண்டியதும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு திரு. டேட்டத்தின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவருக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். இதற்கு முன் இரண்டு ஊர்களிலும் இப்படித்தான் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் மன்றத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தொண்ணூறு வினாடி தர வேண்டும் என்று இருந்தது. வேட்பாளர் வந்திருக்க வேண்டும் என்று இல்லை. அதனால் அவர் பெயர்ப் பலகையை மேசையில் வைத்து, அவருக்குரிய நாற்காலியைப் போட்டு, அவருக்கும் நேரம் தருவது என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒருவருக்கு மட்டும் நேரம் தந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆறரை மணிக்கு ஐம்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முதல் கேள்விக்கு திருமதி மிம்ஸ் பதில் சொன்னார். அதன் பிறகு அதே கேள்வியை நாற்காலியைப் பார்த்து வாசித்துவிட்டு டைமரை ஓடவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நிலக்கடலை விவசாயி திரு. ஹார்லன் ப்ரூயிட் முன்வரிசையிலிருந்து, "அந்த நாற்காலிக்கு ஒரு டீ குடுங்கப்பா, பாவம் தொண்டை காஞ்சு கெடக்கு" என்றார். அவர் மனைவி, "நீங்க சும்மா இருங்க. நீங்க பேசுறதுக்கு அது எவ்வளவோ தேவலை" என்றார். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கும் சிரிப்பு இருந்தது.

நான்காவது கார்டில் இருந்தது இது: 'மூச்சு மெஷின் வைத்திருக்கும் வீட்டில் கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் கதவை ஒரு தடவை தட்ட வேண்டும் என்று நீங்கள் ஏன் விதி போடவில்லை?' திருமதி மிம்ஸ், "போட்டிருக்கணும். நான் வந்தா போடுவேன். இதுக்குமேல சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று பாதி நேரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நாற்காலிக்கு வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தோம். ஐஸ் டீ வைத்திருந்த மேசையில் வாளிக்குள் ஐஸ் கட்டி சரிந்த சத்தம் கேட்டது. திரு. ப்ரூயிட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டைமர் அடித்ததும் அடுத்த கார்டை எடுத்தேன்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது ஒருவர் என்னிடம் வந்தார். நான்காவது கார்டில் இருந்தது அவர் கையெழுத்து என்று, நூலகப் படிவங்களில் பார்த்திருந்ததால், எனக்கு ஏற்கெனவே தெரியும். "மிஸ் நடீன், இன்னிக்கு அவரால வர முடியல, சரி. பதில எழுதி அனுப்புவாரா? தபால்ல வருமா, இல்ல போன் பண்ணுவாங்களா?" என்று கேட்டார். "அனுப்பலாம்" என்றேன். அன்று நான் செய்த தவறு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதன் பிறகு நூலகத்துக்கு வரும்போதெல்லாம் அவர் என்னிடம், "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறார். தேர்தல் முடிந்த பிறகும் கேட்கிறார்.

தேர்தலில் திரு. டேட்டம் ஜெயித்தார். எங்கள் கவுண்டியில் நூற்றுக்கு அறுபத்தொன்று. மறுநாள் திரு. ப்ரூயிட் புத்தகம் திருப்பித் தர வந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓட்டுச் சீட்டப் பாத்தப்ப அந்தம்மா மூஞ்சி ஞாபகமே வரல, மிஸ் நடீன். அந்த நாய்தான் வந்துச்சு" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து, விளம்பர அட்டைகளை அனுப்பிய அமைப்பின் வழக்கறிஞர் இந்தப் புகாரைக் கொடுத்தார். நான்காவது கேள்வியை மக்கள் யாரும் எழுதவில்லை, திருமதி மிம்ஸின் ஆட்கள் எழுதித் தந்து என்னை வாசிக்க வைத்தார்கள் என்பது புகார். அது உண்மையானால் எனக்கு வேலை போகும். நூலக இயக்குநர் திரு. கோய் ப்ளெட்சோ என்னை அறைக்குள் கூப்பிட்டு, "நடீன், கார்டையும் எழுதுன ஆள் பேரையும் குடுத்துட்டு நிம்மதியா இரும்மா. அந்த ஆளுக்கு என்ன ஆகப்போவுது?" என்றார். "என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். 

அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று திரு. சைக்ஸ் சொல்லியிருக்கிறார். எழுதியவர் பிழைப்பு எங்கள் ஊருக்குக் கரண்ட் தரும் மின் கம்பெனியை நம்பி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மெஷின் வைத்திருந்தது யார், அவர் இப்போது இருக்கிறாரா என்பதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பெயர் தெரிந்துவிடும், இது சின்ன ஊர்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது' என்று இருந்த இடத்தில், 'பதிலுக்குக் காத்திருந்தோம்' என்று போடச் சொன்னேன். மாற்றினார்கள். இப்போது எல்லாம் நடந்தபடி இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னேன். என் கணவர் வெண்டலுக்கும் இது இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் கார்டைக் கொண்டுவர மாட்டேன். அன்று காலையில் அதை எழுதியவர் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, கார்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பதில் வராது என்று சொல்லப்போகிறேன்.

(ஒப்பம்) நடீன் ஃபேர்க்ளாத்