நிற்காத நீலம்

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் நீலம் இன்னும் நாலு சலவைக்குத் தாங்காது. குறையாகச் சொல்லவில்லை. சாயப்பட்டறைக்காரன் மகன் நான். எதிரில் யார் உட்கார்ந்தாலும் முதலில் துணியைத்தான் பார்ப்பேன். என் பெயர் மகுடேஸ்வரன். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் இருக்கும் என் ஆய்வுக்கூடத்தில் சித்ராதேவியும் முனீஸும் எப்படி இறந்தார்கள் என்று கேட்கிறீர்கள். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். நான் கூசும்படி எதையும் செய்யவில்லை. சொல்கிறேன்.

அப்பா காலத்தில் எங்கள் பட்டறையில் என்ன சாயம் ஓடுகிறதோ அதுதான் அன்றைக்கு நொய்யல் ஆற்றின் நிறம். பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது, ஆற்றைக் கொன்றவர்கள் என்று ஊரே எங்களைப் பேசியது. நாங்கள் சாயம் ஏற்றிய பனியனைப் போட்டுக்கொண்டுதான் பேசினார்கள். கல்யாண வீட்டில் எங்கள் பக்கத்து இலையில் உட்காரத் தயங்கியவர்கள் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் கெடாமல் நிறம் செய்து காட்டுகிறேன் என்று அப்போது முடிவெடுத்தேன்.

உங்கள் மேசையில் கிடக்கிற போனின் திரையும் நிறம்தான். நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றிக் கரிம வளையங்கள். அப்படிப் பிணைத்த சேர்மத்தில் மின்சாரம் பாய்ந்தால் அது தானே ஒளிவிடும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து தனித்தனியாகப் பூசுவதுதான் வழக்கம். சித்ராதேவி உருவாக்கியது ஒரே சேர்மம். நடுவில் பிளாட்டினம். மூலக்கூறுகள் விலகி நின்றால் நீலம், நெருங்கி அடுக்காக அமைந்தால் சிவப்பு, இடைப்பட்ட நெருக்கத்தில் பச்சை. திரை தயாரிக்கிற வேலையே பாதியாகிவிடும். உலகமே திருப்பூருக்கு வரும்.

அவளுடைய அப்பா இசக்கிமுத்து, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். மகளை வேதியியலில் முனைவர் பட்டம் வரை படிக்க வைத்தார். அவள் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். என்னிடம் வந்தாள். நகத்தளவு கண்ணாடியில் முதல்முறையாக மூன்று நிறமும் எரிந்தபோது, கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. கோபம் ஒருநாளும் இருந்ததில்லை.

கொரியாவிலிருந்து திரை தயாரிப்பவர்கள் பார்க்க வந்த நாளன்று, காலையில் என் அறைக்கு வந்தாள்.

"நீலம் நிக்க மாட்டேங்குது சார். தொடர்ந்து எரிஞ்சா சேர்மமே உடைஞ்சுருது. அவங்ககிட்ட சொல்லிருவோம்."

"அவிய பார்த்துட்டுப் போகட்டும் அம்மிணி. பொறவு நிதானமா சரி பண்ணிக்கலாம்."

"தெரிஞ்சே மறைக்க முடியாது சார். நீங்க சொல்லாட்டி நான் சொல்லத்தான் செய்வேன்."

குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. நீலம் யாருக்கும் எளிதில் நிற்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். விருந்தாளி வந்த அன்றைக்கே அதை எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. சரி, உள்ளறையில் இருக்கும் மாதிரியை ஒருமுறை பார்த்துவிட்டு வா, சேர்ந்தே சொல்லலாம் என்று அனுப்பினேன்.

எங்கள் சேர்மத்துக்குக் காற்று ஆகாது. அதனால் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பெட்டி இருப்பது ஜன்னல் இல்லாத சிறிய அறை. பெட்டியிலிருந்து வெளியேறும் வாயு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். அறையில் உயிர்க்காற்று குறைந்தால் அலாரம் அடிக்கும். குழாயை அறைக்குள்ளேயே திருப்பிவிட்டதும், அலாரத்தை நிறுத்தியதும் நான்தான். உங்கள் ஆட்கள் அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. எரிச்சல் இல்லை, இருமல் இல்லை. அவள் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் பட்டறையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் சுருண்டு விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் அவர்மேலேயே விழுந்தார். இரண்டு பேரையும் வெளியே இழுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். காற்றில்லாத இடம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவள் உள்ளே போனதும், கொரியாக்காரர்களைக் கூடத்தில் உட்கார வைத்துத் திரையை ஒளிரவிட்டோம். உள்ளங்கை அகலம்தான். சுத்தமாக ஓடும் ஓர் ஆற்றின் படத்தை வைத்திருந்தேன். விளக்கை அணைத்ததும் அந்த நீலம் எழுந்து நின்றது. வந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. அலாரத்தின் விளக்கு எரியாததை அவள் கவனித்திருப்பாள், புத்திசாலிப் பெண். கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தேன். என்ன சத்தம் என்று கொரியாக்காரர் ஒருவர் கேட்டார். பக்கத்தில் நிட்டிங் யூனிட் இருக்கிறது, மிஷின் ஓடுகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். படத்தை மாற்றி அந்திவானத்தின் சிவப்பைக் காட்டினேன். அது முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு முனீஸ் வந்தான். சிலிண்டர் மாற்றுகிறவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவன். என் காதருகே குனிந்தான்.

"சார், அக்கா உள்ள இருக்காவ. வெளிய கொண்டி போட்டுக் கெடக்கு. தட்டுன சத்தத்தையும் காணோம்."

கதவைத் திறந்துவிட்டு விலகி நில், உள்ளே போகாதே என்று சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பான். பதில் சொல்ல அங்கே இடமில்லை. விருந்தினர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போய்த் தொறந்து பாரு, கண்ணு" என்றேன்.

அவன் ஓடினான். நான் பச்சையைக் காட்டத் தொடங்கினேன்.

நான் ஈவிரக்கமில்லாதவன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். இசக்கிமுத்துவும் இந்த ஸ்டேஷன் வாசலில் நின்று அப்படித்தான் சொன்னாராம். பேசட்டும். கதவைத் திறக்கச் சொன்னவன் நான்தான் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.