இருமுறை சலித்த மாவு

கடலை மாவை எப்போதும் இருமுறை சலிக்க வேண்டும், சார். மிஷினில் அரைத்து வந்ததை அப்படியே போட்டால் கட்டி தட்டும். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு, அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி வனஜாவால் அடுப்படியில் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் நிற்க முடியாது. அதற்குள் வயிறு கூப்பிட்டுவிடும்.

என் பெயர் பக்தவத்சலம். ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்களை அளந்து பார்க்கும் செக்கர் வேலை. ஒரு முடியளவு கூடுதலோ குறைச்சலோ இருந்தால் என் கையைத் தாண்டிப் போகாது. குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. குழந்தை இல்லை.

எண்பத்து மூன்றில், கல்யாணமான இரண்டாம் வருஷம், அவளுக்கு இந்த உபாதை ஆரம்பித்தது. நாளைக்கு ஏழெட்டுத் தடவை போவாள். வெளியே கிளம்ப வேண்டும் என்று நினைத்தாலே வயிறு கலக்கும். டாக்டர்கள் குடல் எரிச்சல் என்று பெயர் வைத்தார்கள், மனசுதான் காரணம் என்றார்கள். காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக்கூட அவள் போவதில்லை. "இந்த வயித்தோட பஸ் ஏறினா வழியில அசிங்கமாப் பூடும், வனஜா" என்பேன். அக்கறையாகத்தான் சொல்வேன். மோர் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுப்பேன், புடவைகளை அலசிப் போடுவேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த பெண்களெல்லாம் என்னைக் காட்டித்தான் தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டுவார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த எட்டு வருஷந்தான் என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டரம்மா வந்தார். "மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடல்ல வேண்டாத கிருமி பெருகியிருக்கு" என்று சொல்லிப் பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் எழுதினார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். ஆறாம் நாள் காலையில் வனஜா எழுந்து உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னாங்க, வயிறு கம்முனு கீது" என்றாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தனியாக பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனாள். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து, அதை என்னிடமே சொல்லிச் சிரித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குப் பட்டன் வைக்கும் வேலையில் சேர்ந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் சாவி வாங்கி உள்ளே போய், இரண்டு பேருக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அழுகை வரும், சார். ஒரு ஆம்பளை இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த நோய் திரும்ப வரும், வந்தால் இன்னொரு கோர்ஸ் போட வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நாலு மாதத்தில் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் வீட்டாருக்கு மருந்து வேண்டுமென்றால், வேலை பார்ப்பவனே மருத்துவப் புத்தகத்தோடு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம். உதிரியாக எண்ணிக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். கேப்ஸ்யூலை இரண்டு விரலால் லேசாகத் திருகினால் கழன்று வரும். உள்ளே இருந்த தூள் மஞ்சள். கடலை மாவும் மஞ்சள். இருமுறை சலித்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாற்பது கேப்ஸ்யூல், ஒன்றில்கூட அளவு பிசகவில்லை.

எடுத்த தூளை நான் கொட்டிவிடவில்லை. மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

அவள் வேலைக்குப் போவது நின்றது. பழையபடி நான் மோர் சாதம் பிசைந்தேன். மூன்று கோர்ஸ் அப்படிப் போயிற்று. "எனுக்கு மட்டும் ஏன் மருந்து கேக்க மாட்டேங்குது?" என்று என் தோளில் சாய்ந்து அழுவாள். நான் முதுகைத் தட்டிக்கொடுப்பேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வரிசைக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. காலையிலேயே நாலைந்து வீடுகளில் வாந்தி, பேதி. வனஜாவுக்கு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போயிற்று. கையில் இருந்த கவரிலிருந்து இரண்டு கேப்ஸ்யூலை விழுங்கினாள். ஜமீலாவுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அவளுக்கும் நாலைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே.

ஜமீலாவுக்கு மாத்திரை விழுங்க வராது. பிரித்து, ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் குழைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் சுலைமான் ஆட்டோ கொண்டு வந்தான். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"யக்கா, அந்த மாத்திரையப் போடாத. பஜ்ஜி மாவு மாறி கீது, வாசனையும் அதான். நீயும் வா, ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

"நீங்க போங்க. நான் இட்டுகினு வரேன்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

ஆட்டோ போன பிறகு வனஜா ஒரு கேப்ஸ்யூலைக் கழற்றி உள்ளங்கையில் கொட்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. "என்னிய எங்கக்கா ஊட்டுக்கு இட்டுகினு போ" என்றாள்.

மருந்துத் தூள் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் நாலடி தூரத்தில் இருந்தது. எடுத்தால், நான்தான் செய்தேன் என்று வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். தெருமுனையில் இன்னொரு ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரம்மாவிடம் பேசுவாள். நான் கதவைத் தாழ் போட்டேன். அவளைத் துடைத்துவிட்டு, புடவை மாற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் எட்டு வருஷமாகச் சொன்னதையே சொன்னேன். இந்த வயித்தோட பஸ் ஏறினா வழியில அசிங்கமாப் பூடும், வனஜா. நாலு மணிக்கு மூச்சு அடங்கிவிட்டது.

ஜமீலா பிழைத்துக்கொண்டாள். உங்களிடம் சொன்னதும் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எல்லாம் நான் செய்ததுதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. என் மடியிலேயே படுத்திருந்தாள். என்னோடு இருக்கத்தான் அவளுக்கும் விருப்பம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், சார்?