வாளியில் போடாதது

காளான் பறிக்கப் போகிறவனுக்கு நல்ல கத்தி வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியது ஒரு பழைய கரண்டி. கத்தியால் அறுத்தால் கூடை சுத்தமாக இருக்கும், கையில் மண் ஒட்டாது, எல்லாம் சரி. ஆனால் அடிப்பகுதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். இருப்பதிலேயே கொடிய வகை தன் அடையாளத்தை அங்கேதான் வைத்திருக்கிறது. தண்டின் அடியில் கிண்ணம் போல ஒரு வெள்ளைத் தோல் இருக்கும். அதைத் தோண்டிப் பார்க்காமல் குடையை மட்டும் பார்த்தால், பழகாத கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுதான்.

என்னைப் பற்றி நீங்கள் இனிமேல் விசாரிப்பீர்கள். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எது எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்பது என் தொழில். மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டுப் பக்கம் போவேன். திரும்பி வந்ததும் என் வீட்டுப் பின்கட்டு மேசையில் காகிதம் விரித்து, எல்லோரும் கூடையைக் கொட்டுவார்கள். நான் ஒன்றும் பேச மாட்டேன். ஆகாததை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் வாளியில் போடுவேன். மேசையில் மிஞ்சியதைச் சாப்பிடலாம். எங்களுக்குள் அதுதான் வழக்கம். எங்களோடு வருகிற தபால்காரர் எனக்கு 'வாளி' என்றே பெயர் வைத்திருந்தார். கேலிதான், ஆனால் வாளியில் விழுந்ததை அவர் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை. என் மேசையைத் தாண்டிப் போன காளானால் யாருக்கும் வயிற்று வலிகூட வந்ததில்லை.

பிறகு என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் கத்தி கொண்டுவந்தார். போனில் படம் எடுத்தால் காளானின் பெயரைச் சொல்லும் ஒரு வசதியும் கொண்டுவந்தார். நாலு வாரத்தில் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆட ஆரம்பித்தார்கள். நான் குனிந்து தோண்டிக்கொண்டிருப்பேன், அவர் பின்னால் வந்து நிற்பார்.

"என்ன மச்சான், புதையல் ஏதாவது மாட்டுச்சா?"

எல்லோரும் சிரிப்பார்கள். தபால்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். நானும் அப்படி எதுவும் நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான் கடைசியாக நடந்து வந்தேன். ஒரு மரத்தடியில் மாப்பிள்ளை அறுத்துவிட்டுப் போன அடித்தண்டுகள் தெரிந்தன. கரண்டியால் கிளறினேன். கிண்ணம் இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேசையில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மண்ணை மூடிவிட்டு வந்தேன். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

ஆனால் அன்றைக்கு யாரும் மேசைக்கு வரவில்லை. காகிதம் விரித்து, வாளியைக் கழுவி வைத்து, நான் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் தங்கை வீட்டு முற்றத்தில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. மற்றவர்களின் கூடைகளை வரும் வழியிலேயே நான் பார்த்திருந்தேன், அவற்றில் எந்தக் கெடுதலும் இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் தங்கை மட்டும் பின்வாசல் வழியாகக் கூடையோடு வந்தாள்.

"அண்ணா, அவர் போன்ல பார்த்து நல்லதுன்னு சொல்லிட்டார். இருந்தாலும் எனக்கு மனசு கேக்கலை. நீ ஒரு தடவை பார்த்துடு. அவர்கிட்ட சொல்லிடாத, கேலி பண்ணுவார்."

கூடையைக் கொட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளைக் காளான்களையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மேசையிலேயே வைத்தேன். புழு அரித்த சாதாரணக் காளான் ஒன்றை எடுத்து வாளியில் போட்டேன். ஒன்றையும் போடாமல் விட்டால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

"அவ்வளவுதானா அண்ணா?"

"அவ்வளவுதான்" என்றேன். அது பொய் இல்லை. வாளியில் போட்டது அவ்வளவுதான். சாப்பிடு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு பாடம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாடத்துக்குப் பிறகு அவர் இருக்க மாட்டார் என்பதும் தெரியும்தான். தங்கையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. காளானின் வழவழப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பறிப்பாள், சமைப்பாள், வாயில் வைக்க மாட்டாள். அவளை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?

அன்றிரவு சமையலறையில் நடந்ததை மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார். அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. "இந்த வெள்ளை மட்டும் போன்ல சரியா வரலை, தூக்கிப் போட்டுடலாம்" என்றிருக்கிறார். அதற்கு அவள், "எங்க அண்ணா பார்த்தாச்சு. அவர் வாளியில போடலைன்னா அது நல்லது. நம்பிக்கை இல்லையா? இருங்க, நான் சாப்பிட்டுக் காட்டுறேன்" என்றாளாம். அவர் கொஞ்சம்தான் சாப்பிட்டார். அவள் வீம்புக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

விடிவதற்குள் இரண்டு பேருக்கும் வாந்தி. மறுநாள் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்கு அடுத்த நாள் தெளிந்துவிட்டார்கள். இந்தக் காளான் அப்படித்தான், நடுவில் ஒரு நாள் நன்றாக ஆக்கிவிட்டுப் பிறகு கல்லீரலைப் பிடிக்கும். தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வந்து, சாப்பிட்டது என்ன வகை என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

"மச்சானைக் கேளுங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "அவருக்குத் தெரியாத காளானே கிடையாது."

அவர் சிரிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. தபால்காரர், பக்கத்துக் கட்டில்காரர்கள், நர்ஸ் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதும் நேரம் இருந்தது. நீங்கள் கேட்கப்போவது அதுதான் என்று தெரியும். உண்மையை முழுவதும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. 'அன்றைக்குப் பார்த்தபோது தவறவிட்டுவிட்டேன், இது விஷக் காளான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்மேல் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, தங்கைக்கு வைத்தியமும் தொடங்கியிருக்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன். தவறவிட்டேன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"சாதாரண வகைதான் டாக்டர். நான் பார்த்தேன். சரியா வேகாம இருந்திருக்கும்" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே" என்று புருஷனிடம் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். அவள் அந்த வாரம் தாண்டவில்லை. விஷக் காளான்தான் என்று டாக்டர்கள் அப்புறம் சொன்னார்கள். நான் அழுதேன், இப்போதும் அழுகிறேன். என் தங்கையை என்னைவிட யாரும் நேசித்ததில்லை.

என்னைத் தேடி யாரும் வரவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்து மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன மச்சான் பண்ணுவீங்க, வயசாகுதுல்ல, யாருக்குமே கண்ணு தப்பும்" என்றார். தபால்காரரும் அதையே சொன்னார். இப்போது தெரு முழுக்க அதே பேச்சு. பாவம், மனுஷனுக்குக் கண் சரியில்லை, அடையாளம் தெரியவில்லை என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது?

எனக்குக் கண் தப்பவில்லை. மரத்தடியில் பார்த்ததும் தெரிந்தது, மேசையில் கையில் எடுத்தபோதும் தெரிந்தது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.