முதல் அர்த்தம்

எழுதிக்கோங்க சிஸ்டர், வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. இடியட்னா முட்டாள்னு உலகமே தப்பா நினைச்சிட்டிருக்கு. நீங்களும் அப்படித்தான், முகத்தைப் பார்த்தாலே தெரியுது. இது சாதாரணத் தப்பு இல்ல.

வர்றேன், வர்றேன். எப்ப விழுந்தார்னுதானே கேக்கறீங்க. மூளையில ரத்தம் அடைச்சிருக்கு, கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், நேரம் தெரியாம தொட மாட்டீங்க. புரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் இதைச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு அகராதி ஆபீஸ்ல வேலை. எந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கிறது. கல்யாணமான பத்தாம் நாள் ஆபீஸ்காரங்க விருந்துக்கு வந்தாங்க. இவதான் என் இடியட்னு அறிமுகப்படுத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சமையல்கட்டுல நின்னு அழுதேன். வந்து சமாதானம் பண்ணார், இல்லேன்னு சொல்லக்கூடாது. அது கிரேக்கச் சொல்லாம். இடியோஸ்னா தன்னோடதுன்னு அர்த்தமாம். அதுலேருந்து இடியோட்டேஸ். ஊர்க் காரியத்துல தலையிடாம தன் வேலையை மட்டும் பார்க்கிறவன். முதல் அர்த்தம் அதான், கௌரவமான அர்த்தம். அப்புறம் தொழில் தெரியாதவன்னு ஆச்சு. ரோமாபுரிக்காரங்க கைக்குப் போய் படிப்பறிவில்லாதவன். கடைசியாத்தான் முட்டாள். நாலுல உனக்கு எது பொருந்துதோ எடுத்துக்கோன்னார்.

முப்பத்தோரு வருஷம் சிஸ்டர். என் பேரை அவர் வாயால கேட்டது கல்யாணத்தைப் பதிவு பண்ண அன்னிக்கு மட்டும்தான். பையனுக்கு அம்மாங்கறதுக்கு முன்னாடி இந்த வார்த்தைதான் வந்துச்சு. அகராதிச் சீட்டெல்லாம் நான்தான் டைப் அடிச்சுக் கொடுப்பேன். இந்தச் சொல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் வேணுமே, எழுதியிருந்தார், என் மனைவி ஓர் இடியட்னு. நான் ஓர்ங்கறதுக்கு ஒருன்னு அடிச்சிட்டேன். கிழிச்சுப் போட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்.

இன்னிக்குக் காலையில குளியலறையில தடால்னு சத்தம். ஏய் இடியட்னார், தெளிவா. ரெண்டாவது தடவை நாக்கு குழறுச்சு. மூணாவது தடவை வெறும் இ மட்டும்தான். கதவு திறந்துதான் இருந்துச்சு. நின்னு கேட்டேன், எந்த அர்த்தத்துல கூப்பிடறீங்கன்னு. பார்த்தார். சரின்னு நானே முதல் அர்த்தமா எடுத்துக்கிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன். துணி காயப்போட்டேன், ஜன்னல் கம்பியெல்லாம் துடைச்சேன், ரொம்ப நாளாத் துடைக்காம கிடந்துச்சு. மத்தியானம் பையன் வந்துதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

நேரமா? ஆறு பத்து. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்றேன். இப்ப என்ன, ஒண்ணேகாலா?

அந்த ஊசியை எங்க எடுத்துட்டுப் போறாங்க? ஓ, பக்கத்துக் கட்டில்காரருக்கா.