ஒட்டக் கூடாத கப்பல்

அந்தப் பொம்மைக் கப்பலைக் கட்டி முடிக்க எனக்கு அறுபத்தொரு மணி நேரம் ஆனது. நாற்பது போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் மெதுவாகக் கட்டுகிறவள். ஒரு பையைப் பிரித்தால் பிளாஸ்டிக் கட்டைகளை முதலில் நிறவாரியாகப் பிரிப்பேன், பிறகு அளவுவாரியாக அடுக்குவேன், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் முதல் கட்டையைக் கையில் எடுப்பேன். பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

மேடம், நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதிலிருந்து மதியம் மூன்று மணி வரை வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அக்காவின் தலையில் ஏன் இரண்டு காயங்கள் என்றும் கேட்டீர்கள். கப்பல் அலமாரியிலிருந்து தானாக விழுந்தது என்று முதல் நாள் நான் சொன்னது பொய். நான்தான் தூக்கி அடித்தேன். அதை நேற்றே ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்னும் எழுதாமல் இருப்பது இரண்டாவது காயத்தைப் பற்றி மட்டும்தான்.

வக்கீல் காலையில் வந்திருந்தார். "கோபத்துல கண்ணுமண்ணு தெரியலன்னு எழுதும்மா. ஒரே மூச்சுல ரெண்டு அடி. அவ்வளவுதான். அப்படின்னா சில வருஷத்துல வெளிய வந்துடலாம். வேற எதையாவது எழுதி வச்சு உன் தலைல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்காத" என்றார். நல்ல மனிதர். எனக்காக ஒரு பேனாவும் வாங்கி வந்திருந்தார்.

ஆனால் நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எந்தத் தண்ணீர் மாதிரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நிறம் மாறியது என்று வரிசையாக எழுதித்தான் பழக்கம். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எனக்குப் பேச்சு குறைவு, எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். என் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக்கூட வாசல் வரை வந்து, காவலாளியிடம் "இவ வாயைத் திறக்க மாட்டா, ஆனா வேலை நல்லாச் செய்வா, உள்ள சொல்லி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அழகு நிலையத்தில் வேலை. நகம் ஒட்டுவதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை என்பார்கள். ஒரு கையின் ஐந்து விரல்களுக்கும் செயற்கை நகம் ஒட்டி, தேய்த்து, பூ வரைந்து முடிக்க அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் போதும்.

என்னிடம் இப்படிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் பொம்மை செட் பதினேழு இருந்தன. எல்லாம் ஒரே விண்வெளித் தொடரைச் சேர்ந்தவை. அந்தத் தொடரில் ஒரு பழைய சரக்குக் கப்பல் வரும். பெயர் திமிங்கிலம். ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஆபத்து வரும். கேப்டனும் பெண் மருத்துவரும் மெக்கானிக்கும் கப்பலின் ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றாகச் செய்து தப்பிப்பார்கள். இறக்கை பாலமாகும், சமையலறை படகாகும். தொடரின் கடைசியில் கப்பல் மிச்சமே இருக்காது, ஆட்கள் எல்லோரும் உயிரோடு இருப்பார்கள். பள்ளியில் படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் வேறு எதையும் யோசிக்கவில்லை. கழற்ற முடியும் என்பதுதான் அந்தக் கப்பலின் உயிர். பொம்மை செட்டிலும் அப்படியே செய்திருந்தார்கள். ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டைகள். எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் ஒரு பாகம் தனியாக வரும்.

அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏய் கால்குலேட்டர், உன்னைப் பொண்ணு பாக்க வர்றவன் இந்த அலமாரியப் பாத்துட்டு, பொண்ணு அஞ்சாங்கிளாஸான்னு கேக்கப் போறான்" என்பாள். ஆனால் தினமும் தூசி தட்டுவது அவள்தான். சிறிய தூரிகையால், நகத்துக்குப் பூ வரைகிற அதே தூரிகையால், தட்டுவாள்.

போன மாதம் தூசி தட்டும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. மறுவாரமும் விழுந்தது. இரண்டாவது முறை நான் அவளிடம் நான்கு நாட்கள் பேசவில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன், பேசவில்லை.

"சரி, தப்பு என்னுதுதான். ஒரு வார்த்தை பேசுடி. திட்டவாவது திட்டு" என்றாள்.

நான் இறக்கையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நாள் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டேன். ஒன்பது நாள். போகும்போது போயிட்டு வரேன் என்று சொன்னேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா குளித்து, தலைகூடத் துவட்டாமல், கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"பெட்டியைக் கீழ வை. கண்ணை மூடு. ஏமாத்தாத, நல்லா மூடு."

கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். கண்ணைத் திறந்தபோது கப்பல் மேசைமேல் இருந்தது. முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வாசனை வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைந்த தட்டுகளை ஒட்டும்போது வருகிற அதே காரமான வாசனை.

"தள்ளு" என்றாள் அக்கா. "பயப்படாத. இறக்கையைப் புடிச்சு இழு. நல்லா இழு. அசையுதா?"

அசையவில்லை.

"நகம் ஒட்டுற பசை. முப்பத்தோரு குப்பிடி. ஒவ்வொண்ணாக் கழட்டி, ஒட்டி, மறுபடி அதே இடத்துல. வாடிக்கையாளருங்க வராத நேரம், சாப்பாட்டு நேரம், வீட்டுக்கு வந்தப்புறம், ஒன்பது நாள். இனிமே பூகம்பமே வந்தாலும் உன் திமிங்கிலம் விழாது."

நான் இறக்கையிலிருந்து கையை எடுத்தேன். அவள் நான் மகிழ்ச்சியில் பேசாமல் நிற்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு மௌனங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும், அது என் குறை.

"பெட்டியில ஒரு கவர்ல குட்டிக் குட்டியா மிச்சம் கிடந்துச்சு பாரு, எங்க போடணும்னு மறந்துட்டியோ என்னவோ. அதையும் விடல. அங்கங்க ஒட்டிட்டேன். அப்புறம் இங்க வா, இதைப் பாரு." தரையில் உட்கார்ந்து கப்பலின் முன் ஜன்னலைக் காட்டினாள். உள்ளே நின்ற கேப்டன் பொம்மையின் கையும் பெண் மருத்துவர் பொம்மையின் கையும் சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன. "கல்யாணம் பண்ணி வச்சுட்டேன். எத்தனை வருஷமா அதுங்க ரெண்டும் சும்மா பாத்துக்கிட்டே நிக்கும்?"

அவள் சிரித்தாள். மிச்சமிருந்தவை மாற்றுக் கட்டைகள். தொலைந்தால் போடுவதற்காக அதிகப்படியாகத் தருவார்கள். முப்பத்தெட்டு இருந்தன. சேகரிக்கிறவர்கள் யாரும் பசையைத் தொட மாட்டார்கள். எங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை, சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியதில்லை. அக்காவிடம் நானும் சொன்னதில்லை.

நான் கப்பலை இரண்டு கைகளாலும் தூக்கினேன். மேலே வைக்கப் போகிறேன் என்று நினைத்து அவள், "பாத்துடி, கனம்" என்றாள். அவள் தலையின் வலப்பக்கம், காதுக்கு மேலே இறக்கினேன். பத்து இருபது.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு பொருள்கள் மோதினால் அந்த வேகம் எங்காவது போயாக வேண்டும். ஒட்டாத கப்பலாக இருந்திருந்தால் அது கட்டைகளைப் பிரிப்பதிலேயே போயிருக்கும். ஐயாயிரம் துண்டுகளும் அறை முழுக்கச் சிதறியிருக்கும். அவள் தலையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பைத்தியம் என்று திட்டியிருப்பாள். நான் ஒரு வாரம் பொறுக்கியிருப்பேன். ஒட்டியதால் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கட்டைகூட உதிரவில்லை. ஈரமான ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கால் இரண்டு முறை உதைத்து மேசையைத் தள்ளியது. இதை நான் யார்மேலும் பழி போடுவதற்காக எழுதவில்லை.

பிறகு கப்பலைக் கழுவினேன். குளிர்ந்த நீரில்தான். வெந்நீர் பட்டால் ரத்தம் கெட்டியாகி இடுக்குகளில் பிடித்துக்கொள்ளும். காப்பாற்ற முடியுமா என்று பார்க்க மேசை முன் உட்கார்ந்தேன்.

அக்காவின் பையிலிருந்து நகப்பூச்சு அகற்றும் திரவத்தை எடுத்து ஒரு கட்டையில் ஒரு சொட்டு விட்டேன். பசை இளகியது. கட்டையும் இளகியது. அது அப்படித்தான் ஆகும் என்று கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். பசையைக் கரைக்கிற எதுவும் அந்தப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஆனால் அந்தப் பசை குளிரில் நொறுங்கும். சமையலறைக் கத்தியால் இறக்கையை நெம்பி எடுத்தேன். அதை ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் நாற்பது நிமிடம் வைத்து, எடுத்து, கரண்டிக் காம்பால் தட்டினேன். கட்டைகள் ஒவ்வொன்றாக, சுத்தமாக வந்தன. அப்போது எனக்கு இருந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உறைபெட்டி சமையலறையில். மேசை அறையில். நடுவில் அக்கா. ஆறு முறை அவளைத் தாண்டிப் போய் வந்தேன். மூன்றாவது முறை கால் வழுக்கியது, அதனால் ஒரு துண்டை விரித்தேன். அந்தத் துண்டைப் பற்றி நேற்று கேட்டீர்கள். ரத்தத்தை நிறுத்துவதற்கா என்று. இல்லை.

மூன்று மணிக்கு நீங்கள் வந்தபோது மேசையில் எண்ணூற்று எழுபத்தொரு கட்டைகள் நிறவாரியாக இருந்தன. உங்கள் காவலர் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் அவற்றை ஒரே பையில் கொட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபத்தைப் பற்றித்தான் வக்கீல் எழுதச் சொன்னார். பத்து இருபதுக்குக் கோபம் இருந்தது. அதை எழுதிவிட்டேன். பதினொரு மணிக்குள் அது போய்விட்டது. இறக்கை பிரிந்து வந்தபோது அக்காமேல் பழையபடி பாசம்கூட வந்தது. முப்பத்தோரு குப்பி, ஒன்பது நாள். ஒரு கட்டையைக்கூட இடம் மாற்றி ஒட்டவில்லை அவள். மாற்றுக் கட்டைகள் தவிர.

மருத்துவர் அறிக்கையில் இரண்டாவது காயம் முதல் காயத்தைவிடப் புதியது என்று இருப்பதாகச் சொன்னீர்கள். எவ்வளவு புதியது என்று கேட்டபோது நான் தண்ணீர் வேண்டும் என்றேன். கொண்டுவந்து கொடுத்தீர்கள். நன்றி.

பன்னிரண்டரை மணிக்கு அக்கா கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு, "பாப்பா, யாருக்காவது போன் பண்ணுடி" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

"இருக்கா, எண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

நான் சாம்பல் நிறக் கட்டைகளில் இருந்தேன். அதில்தான் எண்ணிக்கை அதிகம், சின்னதும் பெரியதும் கலந்திருக்கும். இருநூற்றுப் பதினான்கில் அவள் என்னைக் கூப்பிட்டாள். விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினேன். நூற்றுத் தொண்ணூறில், "தப்பா ஒட்டிட்டேனாடி?" என்றாள். மறுபடி ஒன்று. இருநூற்று ஆறில் அழ ஆரம்பித்தாள். சத்தமாக இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரே சீராக, நிறுத்தாமல்.

மேசைமேல் இரண்டு பாகங்கள் இருந்தன. ஒன்று உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வால்பகுதி. தட்டினால் நொறுங்கிவிடும். இன்னொன்று கப்பலின் நடுப்பகுதி. அதை இன்னும் குளிர வைக்கவில்லை, பசை கெட்டியாக இருந்தது. நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், தடுக்கவா என்னைத் தொடவா என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பது.

அவள் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் உயிரோடு இருந்திருப்பாள், மேடம். என்னால் எண்ண முடியவில்லை.