தொண்ணூறு கிலோ வரை

கணினியில் விமானம் ஓட்டப் பெரிய மூளை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பத்தொன்பது வருடங்கள், விமானங்களில் ஏறும் பாரத்தைக் கணக்கிடும் வேலையில் இருந்தவன். சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து கணினியின் முன் உட்காருவேன். ஒரே விமானத்தை வெவ்வேறு எடைகளில் எழுப்பிப் பார்ப்பேன். என் மனைவி நஸீறா தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொல்வாள்: "இவ்வளவு நாளும் பறந்த பறப்புக்கு மக்கத்துக்கே போய்ச் சேந்திரிக்கலாம்."

எங்கள் ஒரே மகள் றஸ்னா. அவளுக்குச் சீதனமாக எங்கள் வளவுக்குள்ளேயே வீடு கட்டிக் கொடுத்தோம். மருமகன் அஹ்ஸன் எங்கள் ஊர் வழக்கப்படி அங்கே வந்து குடியிருந்தார். சுற்றுலாக் காலத்தில் மட்டும் இருவரும் அறுகம்பேயில் வாடகை வீடு எடுத்துத் தங்குவார்கள். அங்கேதான் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறாம் நாள் மௌத்தானாள். நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஊர் முழுக்க மருமகனைத்தான் குறை சொன்னது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஒரு வருடம் ஆன பின்னும் அவர் எங்களை விட்டுப் போகவில்லை. "மாமியைத் தனிய உட்டுட்டு எங்க போற?" என்றார்.

அந்த வருடம் அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து, இரண்டு பேர் ஏறும் சிறிய விமானம் ஒன்றை வாங்கினார்கள். ஓட்டப் பழகியிருந்த அஹ்ஸன் பயணிகளை ஒவ்வொருவராக ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவது திட்டம். ஓடுபாதைக்குப் பொத்துவிலுக்கு அப்பால் ஒரு புல்வெளி. அதன் முடிவில் தென்னந்தோப்பு.

"மாமா, பெற்றோல் நிறைய, நானும் ஒரு ஆளும். வாற ஆள் எத்தின கிலோ மட்டும் இரிக்கலாம்?"

"பாத்துச் சொல்றன் மகன்."

"கூட்டாளி சிரிக்கான். உங்கட மாமா கேம் விளையாடிச் சொல்ற கணக்கா எண்டு."

"அவர் எத்தின கிலோ?"

"நூறுக்கு மேல. அவன ஏத்தினா அந்தப் புல்வெளியே தாழ்ந்து போகும்."

இருவரும் சிரித்தோம். நான் மனதாரச் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

எட்டு நாட்கள் வேலை செய்தேன். வெளியின் நீளம், தென்னைகளின் உயரம், கச்சான் காற்று வீசும் மாதத்து நடுப்பகல் வெக்கை, எல்லாவற்றையும் கணினியில் கொடுத்தேன். சூடான காற்று விமானத்தை அவ்வளவாகத் தூக்காது. அஹ்ஸன் தனியே என்றால் பாதி வெளியிலேயே எழும்பியது. அறுபது கிலோ ஆளோடு தோப்புக்கு மேலே தாராளமாகப் போனது. எழுபத்தைந்தில் ஓலைகளை உரசியது. எண்பத்திரண்டில் ஒவ்வொரு தடவையும் மரத்தில்தான் முடிந்தது. எண்பத்திரண்டை மட்டும் ஒன்பது தடவை செய்தேன். நிச்சயம் வேண்டுமல்லவா. திரை அசையாமல் நிற்கும்; ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் மறுபடி புல்லில் நிற்கும்.

அவர் தனியே பறந்தால் ஒன்றும் ஆகாது, கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அது யார் என்று நான் யோசிக்கவில்லை. என் தொழிலில் ஏறுகிற ஆட்களை யோசிப்பதில்லை, எடையைத்தான் எழுதுவோம்.

தாளில் "தொண்ணூறு கிலோ வரை" என்று எழுதிக் கொடுத்தேன்.

விமானத்தோடு வந்த புத்தகத்தில் சரியான கணக்கு இருந்தது. அதையும் ஒருக்கால் பார்ப்போம் என்று கூட்டாளி சொல்லியிருக்கிறான். "மாமா சொன்னாச் சரிதான். அவருக்குப் பிழை பிடிக்கிற அளவுக்கு நான் வளரல்ல" என்றாராம் அஹ்ஸன். மாமனார் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு மாமனாரின் கணக்கைச் சரிபார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. இதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குச் சற்று முன். ஏறியவர் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர், எண்பத்து நான்கு கிலோ. இருவரும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். அஹ்ஸனின் மையித்தை நான்தான் முன்னின்று குளிப்பாட்டினேன். ஆசிரியரின் தகப்பனார் ஒரு கிழமை கழித்து வந்தார். இயந்திரத்தில் ஏதும் கோளாறா என்று என்னிடம் கேட்டார். இல்லை, நல்ல இயந்திரம் என்றேன். அது உண்மை. காற்றின் கோளாறு என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள்.

மகளுக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு முழுவதையும் எழுத வேண்டும்.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் றஸ்னா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஒரு விமானத்தைத் தரையிறக்கிக்கொண்டிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாப்பா, ஏலாம இரிக்கி. இவர் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு நிக்கார். போகவா?"

"காய்ச்சல் எண்டா ரெண்டு மூணு நாள் இரிக்கும்தான். பனடோல் போட்டுட்டுப் படு. அவரையும் பதறாம இரிக்கச் சொல்லு."

பக்கத்திலிருந்து அஹ்ஸனின் குரல் கேட்டது: "சரி மாமா."

ஊர் அவரைப் பேசிய நாட்களில் அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நஸீறாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுவதும், பெருநாட்களில் என்னோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டும், என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.