கரையில ரெண்டு, கடல்ல ரெண்டு

எண்ணூரிலிருந்து வந்த பஸ், திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் காலிக் கூடைகள். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கப் போகிறவர்கள். மூத்தவள் சொன்னாள்:

"கணக்கெடுக்க வந்த டீச்சரு, வூட்ல எத்தினி பேருன்னு கேட்டுச்சு. கரையில ரெண்டு, கடல்ல ரெண்டுன்னுட்டேன்."

"இன்னாக்கா சொல்றே? போட்டை வித்து எத்தினி வருசம் ஆவுது! உன் பசங்க ரெண்டு பேரும் மணலியில குடும்பத்தோட கீறானுங்க, லாரி ஓட்டிகினு."

"தெரியும்டி. வாய்ப் பழக்கம். அப்போல்லாம் அரிசி களையறப்பவே கேப்போம், கரைக்கு எத்தினி பேரு, கடலுக்கு எத்தினி பேருன்னு. போறவங்களுக்குத் தனியா கட்டித் தரணுமே. ஒரே ரூம்பு, எட்டு பேரு. ஆம்பளைங்க கடலுக்குப் போனாத்தான் நமக்குக் கால நீட்ட எடம். இப்போ மாடி வூடு. நானும் அவரும் ஆளுக்கொரு ரூம்புல படுத்துகினு கீறோம்."

"சரி, டீச்சராண்ட மாத்திச் சொல்றதுதானே?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு, 'கடல்ல இருக்கறவங்க எப்பம்மா வருவாங்க? அவங்களையும் எழுதணும்'னுச்சு."

"நீ இன்னா சொன்னே?"

பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடியக்காலம் வந்துருவானுங்கன்னேன். அந்த வார்த்தைய சொல்லி எத்தினி நாளாச்சுடி!"